சோப்புக் குமிழியில் ஒரு பேராசிரியருக்கு என்ன வேலை?

இளங்கலைக் கணிதம் முதலாண்டு படிக்கும் ஒருவரின் கேள்வி இது: "எங்கள் துறைப் பேராசிரியர் ஒருவரின் ஆராய்ச்சித் துறை வடிவியல் என்கிறார்கள். யூக்ளிட் இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே முடித்துவிட்ட பாடத்தில் இன்னும் ஆராய என்ன மிச்சம் இருக்கிறது? அப்படி இருந்தாலும், அந்த ஆராய்ச்சிக்கும் அவர் எங்களுக்கு நடத்தும் பாடத்துக்கும் ஏதாவது தொடர்பு உண்டா?"

வடிவியல் முடிந்துபோன பாடம் என்று நீங்கள் நினைத்ததில் உங்கள் பிழை எதுவும் இல்லை. பள்ளியில் நாங்கள் அதை அப்படித்தான் கற்பிக்கிறோம். தேற்றம், தரவு, நிரூபிக்க வேண்டியது, நிரூபணம் என்று வரிசையாக எழுதிப் போடுகிறோம். அந்தத் தேற்றம் ஒரு காலத்தில் விடை தெரியாத கேள்வியாக இருந்தது என்பதைச் சொல்வதே இல்லை. பன்னிரண்டு ஆண்டுகள் கணிதம் படித்த பிள்ளை, உலகில் எவருக்கும் விடை தெரியாத கணிதக் கேள்வி ஒன்றைக்கூடப் பார்க்காமல் கல்லூரிக்கு வருகிறது. வடிவியல் கற்பிக்கும் ஒருவனாக எனக்கு இது நெடுநாள் உறுத்தல். அதனால் சற்று நீளமாகவே பதில் சொல்கிறேன்.

துறைகளின் பெயர்ப் பட்டியலைத் தருவதைவிட ஒரே ஒரு கேள்வியைப் பின்தொடர்ந்து போகலாம். அந்தக் கேள்வி சோப்புக் குமிழியைப் பற்றியது. அதோடு வரும் பேராசிரியரின் பெயர் ஃபிராங்க் மார்கன்.

ஒரு குறிப்பிட்ட அளவு காற்றை அடைத்துவைக்க வேண்டும். அதைச் சுற்றியுள்ள உறையின் பரப்பளவு இயன்றவரை குறைவாக இருக்க வேண்டும். எந்த வடிவம்? கோளம். எல்லாருக்கும் தெரிந்த விடை. கோளம் என்று சரியாகச் சொல்லிவிடுவது பழங்காலத்திலேயே நடந்துவிட்டது. அதை ஐயமற நிரூபிக்க 1884 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஹெர்மன் ஷ்வார்ட்ஸ் அந்த ஆண்டில் அதைச் செய்தார். இடையில் ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுகள்.

ஏன் இத்தனை தாமதம்? இங்கே சற்று நிற்க வேண்டும், ஏனென்றால் வடிவியல் ஆராய்ச்சியின் உயிர் இந்த இடத்தில்தான் இருக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் யாக்கோப் ஷ்டைனர் என்ற பெரிய வடிவியலாளர், கேள்வியின் சமதள வடிவத்தை எடுத்துக்கொண்டார்: குறிப்பிட்ட பரப்பளவைச் சூழும் மிகக் குறுகிய வளைவரை எது? வட்டமல்லாத எந்த வடிவத்தைக் கொடுத்தாலும் அதைவிடச் சிறந்த ஒன்றைச் செய்துகாட்ட முடியும் என்று அவர் மிக அழகாகக் காட்டினார். எனவே வட்டமே சிறந்தது என்று முடித்தார்.

வகுப்பில் இந்த இடம் வரும்போது நான் கரும்பலகையில் வேறொரு 'நிரூபணத்தை' எழுதுவேன். முழு எண்களிலேயே மிகப் பெரிய எண் 1. நிரூபணம்: 1 அல்லாத எந்த மிகை முழு எண்ணை எடுத்தாலும், அதன் வர்க்கம் அதைவிடப் பெரியது, ஆகவே அது மிகப் பெரிய எண்ணாக இருக்க முடியாது, எனவே மிகப் பெரிய எண் 1. மாணவர்கள் முதலில் சிரிப்பார்கள். பிறகு ஷ்டைனரின் வாதத்தைப் பார்ப்பார்கள். மீண்டும் இதைப் பார்ப்பார்கள். வகுப்பு அமைதியாகிவிடும். இரண்டு வாதங்களுக்கும் எலும்புக்கூடு ஒன்றுதான். 'மிகச் சிறந்தது என்று ஒன்று இருக்கிறது' என்பதை இரண்டும் கேட்காமலேயே எடுத்துக்கொண்டன. எண்களில் அப்படி ஒன்று கிடையாது. வளைவரைகளில் உண்டு, ஆனால் அதைத் தனியாக நிரூபிக்க வேண்டும். சமதளக் கேள்விக்கு அந்த ஓட்டையை அடைத்தவர் ஜெர்மன் கணிதவியலாளர் வையர்ஷ்ட்ராஸ், 1870களில், பெர்லினில் மாணவர்களுக்கு நடத்திய விரிவுரைகளில். ஷ்வார்ட்ஸ் அவருடைய மாணவர். உங்கள் இரண்டாவது கேள்விக்கு இது ஒரு சின்ன முன்னோட்டம்.

இப்போது குமிழியை இரண்டாக்குவோம். இரண்டு தனித்தனி அளவு காற்றை அடைக்க வேண்டும். மொத்தப் பரப்பளவு மிகக் குறைவாக இருக்க வேண்டும். இரண்டு கோளங்களைத் தனித்தனியே வைப்பதைவிட, ஒட்டிவைத்து நடுச்சுவரைப் பொதுவாக்குவது சிக்கனம். சோப்பு நீரில் ஊதிப் பார்த்தவர்கள் கண்டிருப்பீர்கள்: இரு குமிழிகள் தொட்டவுடன் ஒட்டிக்கொண்டு, நடுவில் ஒரு படலத்தைப் பகிர்ந்துகொள்கின்றன. மூன்று படலங்களும், அதாவது இரண்டு வெளிப்படலங்களும் நடுப்படலமும், கோளத்தின் துண்டுகள். அவை ஒரு வட்டத்தின் மேல் சந்திக்கின்றன. சந்திக்கும் கோணம் மூன்றுக்கும் 120 பாகை. குமிழிகள் சம அளவு என்றால் நடுப்படலம் தட்டையாக இருக்கும். ஒன்று சிறியது என்றால் நடுப்படலம் பெரிய குமிழிக்குள் புடைத்துக்கொண்டு போகும், ஏனென்றால் சிறிய குமிழிக்குள் அழுத்தம் அதிகம். எவ்வளவு புடைக்கும் என்பதற்கு ஓர் எளிய கணக்கு உண்டு. வெளிப்படலங்களின் ஆரங்கள் 2 செ.மீ., 3 செ.மீ. என்றால், 1/2 − 1/3 = 1/6; நடுப்படலத்தின் ஆரம் 6 செ.மீ. பள்ளியில் படித்த பின்னக் கணக்கு ஒரு சோப்புப் படலத்தின் வளைவைச் சொல்லிவிடுவது இன்றும் எனக்கு மகிழ்ச்சி தருகிறது.

இந்த 120 பாகை விதியை முதலில் ஒழுங்காகப் பதிவு செய்தவர் பெல்ஜிய இயற்பியலாளர் ஜோசஃப் பிளாத்தோ. 1873இல் வெளியான அவருடைய நூல் சோப்புப் படலங்களின் விதிகளைத் தொகுத்தது. படலங்கள் மூன்று மூன்றாகத்தான் ஒரு கோட்டில் சந்திக்கும், 120 பாகையில். அந்தக் கோடுகள் நான்கு நான்காகத்தான் ஒரு புள்ளியில் சந்திக்கும், ஏறத்தாழ 109.5 பாகையில். வேறு எந்தச் சந்திப்பும் நிலைக்காது. அந்த நூல் வருவதற்குப் பல ஆண்டுகள் முன்பே அவர் பார்வையை இழந்திருந்தார். சோதனைகளைப் பிறர் கண்களால் பார்த்து, தாம் மனத்தால் பார்த்து எழுதினார். அவர் கண்டது உண்மையிலேயே கணிதத் தேற்றம் என்று ஜீன் டெய்லர் நிரூபித்தது 1976இல்.

மூன்றுதான் சந்திக்க வேண்டும், நான்கு ஏன் கூடாது? ஒரு மாணவி என்னிடம் கேட்ட கேள்வி இது. அன்று நான் தந்த விடை ஒரு விடையே இல்லை. "பிளாத்தோ விதி" என்று பெயரைச் சொல்லி நகர்ந்துவிட்டேன். வீட்டுக்குப் போன பிறகுதான், முதலாண்டு நுண்கணிதத்திலேயே அதைக் காட்டிவிடலாம் என்று தோன்றியது. பக்கம் 1 உள்ள ஒரு சதுரத்தின் நான்கு முனைகளையும் கோடுகளால் இணைக்க வேண்டும், மொத்த நீளம் மிகக் குறைவாக. இரண்டு மூலைவிட்டங்களையும் வரைந்தால் நான்கு கோடுகள் நடுவில் ஒரு புள்ளியில் சந்திக்கும். மொத்த நீளம் 2√2, அதாவது ஏறத்தாழ 2.828. இப்போது அந்த நடுப்புள்ளியைப் பிடித்து இரண்டாகப் பிரித்து, இரண்டுக்கும் இடையே ஒரு சிறு கோட்டை வையுங்கள். ஒவ்வொரு புள்ளியிலும் மூன்று கோடுகள் மட்டும். அந்தப் புள்ளிகளை எவ்வளவு தூரம் தள்ளிவைப்பது என்பதை வகையீடு செய்து கண்டுபிடித்தால், ஒவ்வொன்றும் அதன் அருகிலுள்ள பக்கத்திலிருந்து ஏறத்தாழ 0.289 தொலைவில் அமையும். மொத்த நீளம் 1 + √3, ஏறத்தாழ 2.732. சந்திக்கும் கோணங்களை அளந்தால் எல்லாம் 120. நான்கு கோடுகளின் சந்திப்பு தானாகவே உடைந்து இரண்டு மூன்று-கோட்டுச் சந்திப்புகளாக மாறினால்தான் நீளம் குறைகிறது. மறுநாள் இதைக் கரும்பலகையில் போட்டேன். இரண்டு கண்ணாடித் தகடுகளுக்கு இடையே நான்கு ஊசிகளை வைத்துச் சோப்பு நீரில் முக்கினால் படலம் இதே உருவத்தில் வந்து நிற்கும். அந்த மாணவி கேட்டிராவிட்டால் நான் அதைச் செய்துபார்த்திருக்க மாட்டேன்.

இரட்டைக் குமிழிக்குத் திரும்புவோம். இயற்கையே இரட்டைக் குமிழியைக் காட்டுகிறதே, பிறகு நிரூபிக்க என்ன இருக்கிறது என்று கேட்கலாம். சோப்புப் படலம் தனக்கு அருகில் உள்ள மாற்றங்களை மட்டுமே அறியும். சற்று அசைந்தால் பரப்பளவு கூடும் என்ற இடத்தில் நின்றுவிடும். வெகுதூரத்தில் இதைவிட நல்ல வடிவம் ஒன்று இருந்தால் அது படலத்துக்குத் தெரியாது. இரட்டைக் குமிழிக்கு எத்தகைய போட்டி வடிவங்கள் இருக்கக்கூடும்? ஒரு குமிழியின் இடுப்பைச் சுற்றி இன்னொரு குமிழி வளையமாக, ஓர் ஒட்டியாணம்போல், மாட்டிக்கொண்டிருக்கலாம். அல்லது ஒரு குமிழியின் காற்று இரண்டு மூன்று துண்டுகளாகப் பிரிந்து வெவ்வேறு இடங்களில் இருக்கலாம். மொத்தக் கன அளவுதானே நிபந்தனை, ஒரே துண்டாக இருக்க வேண்டும் என்று எவர் சொன்னது? கேட்க விந்தையாக இருக்கும். ஆனால் இவற்றை ஒவ்வொன்றாக விலக்காதவரை 'மிகச் சிறந்தது' என்ற சொல்லைப் பயன்படுத்தும் உரிமை நமக்கு இல்லை. ஷ்டைனர் பாடம் மறுபடியும் வருகிறது. சிறந்த வடிவம் ஒன்று இருக்கிறது என்பதை 1976இல் ஃபிரெடெரிக் ஆல்ம்கிரன் நிரூபித்தார். அது எப்படிப்பட்டது என்பதுதான் எஞ்சி நின்ற கேள்வி.

ஃபிராங்க் மார்கன் இந்த ஆல்ம்கிரனின் மாணவர்; 1977இல் பிரின்ஸ்டனில் முனைவர் பட்டம் பெற்றவர். துறை, வடிவியல் அளவைக் கோட்பாடு. மடிப்பும் முனையும் கிழிசலும் உள்ள பரப்புகளையும் அளந்து பேச உதவும் கருவி அது. அந்தக் காலத்தில் அத்துறையின் அடிப்படை நூலைத் திறந்து படிக்க முயன்று மூடிவைத்தவர்கள் ஏராளம். மார்கன் 1988இல் தொடக்கநிலையினருக்கென்று, படங்கள் நிறைந்த மெல்லிய வழிகாட்டி ஒன்றை எழுதினார். எம்.ஐ.டி.யில் பத்தாண்டுகள் பணியாற்றிவிட்டு 1987இல் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் உள்ள வில்லியம்ஸ் கல்லூரிக்குச் சென்றார். அங்கே கணிதத்தில் இளங்கலை மாணவர்கள் மட்டுமே. ஆராய்ச்சியாளர் ஒருவர் இப்படி இடம் மாறினால் ஆராய்ச்சியை விட்டுவிட்டார் என்று பேசுவது வழக்கம். நடந்தது வேறு.

1988 முதல் அந்தக் கல்லூரியில் கோடை விடுமுறையில் இளங்கலை மாணவர்களைச் சிறு குழுக்களாகச் சேர்த்து, விடை தெரியாத கேள்விகளில் ஈடுபடுத்தும் திட்டம் ஒன்று தொடங்கியது. மாணவர்கள் பல கல்லூரிகளிலிருந்து வருவார்கள். 1990 கோடையில் மார்கனின் குழுவில் ஐந்து பேர். அவர்களுக்கு அவர் கொடுத்தது இரட்டைக் குமிழிக் கேள்வியின் சமதள வடிவம்: இரண்டு குறிப்பிட்ட பரப்பளவுகளைச் சூழ்ந்து பிரிக்கும் மிகக் குறுகிய வளைவரைத் தொகுப்பு எது? சமதளத்தில் எல்லைகள் எல்லாம் வட்ட விற்கள். மூன்று மூன்றாக 120 பாகையில் சந்திப்பவை. ஆகவே வட்டங்களின் வடிவியல் தெரிந்தவர்களால் கையாளக்கூடிய கேள்விதான். ஆனால் வில்களைச் சேர்க்கும் விதங்கள் ஏராளம், ஒவ்வொன்றையும் தகுந்த காரணத்தோடு தள்ளவேண்டும். ஐந்து மாணவர்களும் செய்துமுடித்தார்கள். நிரூபணம் 1993இல் ஆய்விதழில் வெளியானது. அவர்களில் ஜோயல் ஃபாய்சி பிறகு கணிதப் பேராசிரியரானார். ஜெஃப்ரி பிராக் அதிபரவளைய வடிவியலில் பெயர்பெற்ற ஆய்வாளரானார். ஜேசன் ஸிம்பா அமெரிக்கப் பள்ளிகளுக்கான கணிதப் பாடத்தரங்களை வகுத்த முதன்மை ஆசிரியர்களில் ஒருவரானார். கோடை ஒன்றில் கிடைத்த கேள்வி இத்தனை திசைகளில் கிளைத்தது.

இளங்கலை மாணவர்களுக்குத் தகுந்த ஆராய்ச்சிக் கேள்வியைத் தேர்ந்தெடுப்பது எவ்வளவு கடினம் என்று வெளியே இருப்பவர்களுக்குத் தெரிவதில்லை. எளிதாக இருந்தால் அது பயிற்சிக் கணக்கு. கடினமாக இருந்தால் பத்து வாரத்தில் பிள்ளைகள் மனம் உடைந்து போவார்கள். விடை தெரியாததாகவும், அதே சமயம் அவர்கள் கையில் உள்ள கருவிகளுக்கு எட்டக்கூடியதாகவும் ஒரு கேள்வியைக் கண்டுபிடிக்க வேண்டுமென்றால், ஆசிரியர் அந்தத் துறையின் எல்லைக்கோடு எங்கே ஓடுகிறது என்பதை அங்குலம் அங்குலமாக அறிந்திருக்க வேண்டும். மாணவர் தடுமாறும் இடத்தையும் அதே அளவு அறிந்திருக்க வேண்டும். என் பார்வையில் மார்கனின் பெரிய திறமை இது. சிறந்த கல்லூரிக் கணித ஆசிரியர்களுக்கு அமெரிக்கக் கணிதச் சங்கம் ஒன்று வழங்கும் ஹைமோ விருதை 1993இல் முதன்முதலில் பெற்றவர்களில் அவரும் ஒருவர். பொதுமக்கள் தொலைபேசியில் அழைத்துக் கணிதம் பேசும் நேரலைத் தொலைக்காட்சி நிகழ்ச்சியையும் நடத்தியவர். அரங்கத்தில் சோப்பு நீரோடு நின்று, எந்தப் படலம் வரும் என்று கூட்டத்தை ஊகிக்கச் சொல்லிவிட்டுப் பிறகு முக்கிக் காட்டுவது அவருக்குப் பிடித்த விரிவுரை முறை.

சமதளம் முடிந்தது, நாம் வாழும் வெளி மிச்சமிருந்தது. 1995இல் ஜோயல் ஹாஸ், ராஜர் ஷ்லாஃப்லி ஆகிய இருவரும் சம கன அளவுள்ள இரட்டைக் குமிழிக்கு நிரூபணம் கிடைத்துவிட்டதாக அறிவித்தார்கள். அதற்கு அடித்தளமாக இருந்தது மைக்கேல் ஹட்சிங்ஸின் வேலை. சிறந்த வடிவம் ஓர் அச்சைச் சுற்றிச் சமச்சீராகத்தான் இருக்க வேண்டும் என்பதையும், காற்று எத்தனை துண்டுகளாகச் சிதற முடியும் என்பதற்கான வரம்பையும் அவர் காட்டியிருந்தார். சமமான குமிழிகளில் சிதறலே கிடையாது. மிஞ்சியது ஒட்டியாணப் போட்டியாளர்கள் மட்டும். அவற்றை விலக்க இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட தொகையீடுகளைக் கணினியில், பிழை வரம்புகளோடு, கணக்கிட்டார்கள். இந்த ஹட்சிங்ஸும் ஹார்வர்டில் இளங்கலை படிக்கும்போது மார்கனின் கோடைக் குழுவுக்கு வந்தவர். குமிழிகள் மீது அவருக்கு ஆர்வம் பிறந்தது அங்கேதான்.

கன அளவுகள் சமமில்லாதபோது அந்த வழி போதவில்லை. சிறிய குமிழி இரண்டு துண்டாகும் வாய்ப்பு தொடர்ந்து பயமுறுத்தியது. விடை ஸ்பெயினின் கிரனாடாவில் கிடைத்தது. மார்கன், ஹட்சிங்ஸ், மனுவேல் ரித்தோரே, அந்தோனியோ ரோஸ் நால்வரும் சேர்ந்து, கணினி இல்லாமல், காகிதமும் பென்சிலும் கொண்டு 2000இல் முழு நிரூபணத்தை எட்டினார்கள். அதன் மையக் கருத்தைச் சொல்லிவிட ஆசைப்படுகிறேன், புரிந்துகொள்ள முதலாண்டு மாணவரால் முடியும்.

போட்டி வடிவம் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். அதை ஏதேனும் ஓர் அச்சைச் சுற்றி முழுதாகச் சுழற்றினால் பரப்பளவும் மாறாது, கன அளவும் மாறாது. பொருளைத் திருப்பி வைத்தோம், அவ்வளவுதான். இப்போது முழுதாகச் சுழற்றாமல், வடிவத்தைச் சில துண்டுகளாகக் கருதி, ஒவ்வொரு துண்டையும் வெவ்வேறு அளவில் சற்றே சுழற்றினால் என்ன ஆகும்? பொதுவாகத் துண்டுகள் சேரும் இடத்தில் கிழிந்துவிடும். ஆனால் அந்த இடங்களில் சுழற்சியின் திசை பரப்பின் மேலேயே வழுக்கிக்கொண்டு போகும்படி அச்சைத் தேர்ந்தெடுத்தால் கிழியாது. ஒட்டியாண வடிவங்களுக்கும் சிதறிய வடிவங்களுக்கும் அப்படி ஓர் அச்சு எப்போதும் உண்டு என்பதுதான் அவர்கள் கண்டது. துண்டுகளைச் சற்று அசைத்த பிறகும் கன அளவு அப்படியே இருக்கிறது, பரப்பளவும் கூடவில்லை, ஆனால் சேரும் இடத்தில் ஒரு மெல்லிய மடிப்பு விழுந்துவிடுகிறது. மடிப்பு விழுந்த துணியை நீவி விட்டால் துணி மிச்சமாகும் அல்லவா? அதுபோல மடிப்பை மழுக்கினால் பரப்பளவு குறைந்துவிடும். எனவே அந்தப் போட்டி வடிவம் சிறந்ததாக இருந்திருக்க முடியாது. இரட்டைக் குமிழிக்கு மட்டும் இந்தத் தந்திரம் பலிப்பதில்லை.

இந்த நிரூபணத்தை மார்கன் எங்கே அறிவித்தார் தெரியுமா? 2000ஆம் ஆண்டு மார்ச் 18 அன்று, இண்டியானாவில், இளங்கலை மாணவர்களுக்கென்று நடந்த ஒரு கணித மாநாட்டில். துறை வல்லுநர்கள் கூடும் பேரவைக்காக அவர் காத்திருக்கவில்லை. அதற்கு முந்தைய கோடையிலேயே அவருடைய மாணவர் குழு, நான்கு பரிமாண வெளியிலும் இதே முடிவு உண்மை என்று நிரூபித்துவிட்டது. அந்தக் குழுவில் இருந்த பென் ரைக்கார்ட், 2008இல், எத்தனை பரிமாணம் ஆனாலும் இரட்டைக் குமிழிதான் சிறந்தது என்று நிரூபித்து அந்தக் கதையை முடித்தார். அப்போது அவருடைய முதன்மைத் துறை குவாண்டம் கணிப்பியல். மாணவப் பருவத்தில் பிடித்துக்கொண்ட கேள்வி விடவில்லை.

இனி உங்கள் பேராசிரியருக்கு வருகிறேன். அவர் குமிழிகளை ஆராயாமல் இருக்கலாம். வடிவியல் என்பது இன்று ஒரு பெருநிலம். அதன் பெரும்பகுதிக்கு வித்து, 1854 ஜூன் 10 அன்று ஜெர்மனியின் கட்டிங்கன் பல்கலைக்கழகத்தில் ரீமன் என்ற இளம் கணிதவியலாளர் ஆற்றிய உரை. ஒரு பரப்பின் வளைவை வெளியே நின்று பார்க்காமல், அதன் மேலேயே வாழ்ந்துகொண்டு அளக்க முடியும் என்று அவருடைய ஆசிரியர் காஸ் 1827இல் காட்டியிருந்தார். ரீமன் அதை எத்தனை பரிமாண வெளிக்கும் விரித்தார். அறுபது ஆண்டுகள் கழித்து ஐன்ஸ்டைன் ஈர்ப்பு விசையை எழுத அந்த மொழியைத்தான் பயன்படுத்தினார். அந்த உரை எதற்காக ஆற்றப்பட்டது என்பதைக் கவனியுங்கள். பல்கலைக்கழகத்தில் பாடம் நடத்தும் உரிமை பெறுவதற்கான தகுதி உரை அது. மூன்று தலைப்புகளை ரீமன் கொடுத்தார். அவர் அதிகம் தயாராகாத மூன்றாவதை, வடிவியலின் அடிப்படைகளை, காஸ் தேர்ந்தெடுத்தார். பல துறையினர் அமர்ந்திருந்த அவையில் புரியும்படி பேச வேண்டியிருந்ததால் ரீமன் ஏறத்தாழ சூத்திரங்களே இல்லாமல் பேசினார்.

பாடம் நடத்தும் கடமையிலிருந்து ஆராய்ச்சி பிறந்ததற்கு இணையாக எனக்கு நினைவு வருபவர் டெடிகைண்ட் என்ற ஜெர்மன் கணிதவியலாளர். 1858இல் சூரிக்கில் முதன்முறையாக நுண்கணிதம் நடத்தத் தொடங்கியபோது, மெய்யெண்கள் என்றால் என்ன என்பதற்குத் தம்மிடமே உறுதியான விளக்கம் இல்லை என்பதை உணர்ந்தார். வகுப்புக்காகப் படத்தைக் காட்டிச் சமாளித்துவிடலாம். ஆனால் தமக்கு அது போதவில்லை என்று முடிவுசெய்தார். அந்த மனக்குறையிலிருந்து பிறந்ததுதான் நீங்கள் மெய்ப்பகுப்பாய்வில் படிக்கப்போகும் 'டெடிகைண்ட் வெட்டு'.

ஆராய்ச்சி செய்பவர் எல்லாரும் நல்ல ஆசிரியர் என்று நான் சொல்ல வரவில்லை. எழுதிய கட்டுரைகள் நூறு இருக்கும், வகுப்பில் கரும்பலகையைப் பார்த்தே பேசி முடித்துவிட்டுப் போவார்கள். அப்படிப்பட்டவர்களிடம் நானும் படித்திருக்கிறேன். ஒரு கட்டுரையும் எழுதாமல் தலைமுறைகளை வளர்த்த ஆசிரியர்களிடமும் படித்திருக்கிறேன். ஆனால் ஒரு வேறுபாட்டைப் பார்த்திருக்கிறேன். இன்னும் விடை தெரியாத கேள்வியோடு தினமும் மல்லுக்கட்டும் ஆசிரியர், மாணவர் ஒரு கணக்கில் சிக்கிக்கொண்டு விழிப்பதை வியப்பாகப் பார்ப்பதில்லை. அவரே காலையில் மூன்று மணி நேரம் அப்படி விழித்துவிட்டுத்தான் வகுப்புக்கு வந்திருப்பார். வடிவியல் ஆராய்ச்சியின் நாள்கள் பெரும்பாலும் அப்படித்தான் போகும்: ஒரு யூகம், அதை உடைக்கும் எதிர்க்காட்டு, சற்றுத் திருத்திய யூகம், இரண்டு பக்கம் தாண்டியதும் ஒரு பிழை. நான்கு மாத வேலையை ஒரு மாலையில் கிழித்துப்போட்டது எனக்கும் நேர்ந்திருக்கிறது. மறுநாள் வகுப்பில் ஒரு மாணவர், தன் நிரூபணம் தவறு என்று தெரிந்து முகம் வாடியபோது, அவரிடம் என்ன சொல்வது என்று எனக்குத் தெரிந்திருந்தது.

மிச்சம் என்ன இருக்கிறது என்று கேட்டீர்கள். மூன்று குமிழிகளை எடுத்துக்கொள்ளுங்கள். 2022இல்தான் இமானுவேல் மில்மன், ஜோ நீமன் இருவரும், மூன்று பரிமாணமும் அதற்கு மேலும் உள்ள வெளிகளில் மூன்று குமிழிகளுக்கான நிரூபணத்தைத் தந்தார்கள். நான்கு குமிழிகளையும் தீர்த்தார்கள், ஆனால் நான்கு பரிமாணத்திலிருந்து மேலே. நாம் மூச்சுவிடும் இந்த வெளியில் நான்கு குமிழிகள் அந்த நிரூபணத்துக்குள் அகப்படவில்லை. பரிமாணம் குறைந்தால் கேள்வி எளிதாகும் என்ற நம் உள்ளுணர்வுக்கு நேர் எதிராக இருக்கிறது இது.

வெளி முழுவதையும் சம கன அளவுள்ள அறைகளாகப் பிரிக்க வேண்டும், சுவர்களின் பரப்பளவு குறைவாக இருக்க வேண்டும் என்பது இன்னொன்று. சமதளத்தில் விடை தேனடையின் அறுகோணம். ரோமானிய அறிஞர் வாரோ கிறித்து பிறப்பதற்கு முன்பே இதைப் பற்றி எழுதினார், தாமஸ் ஹேல்ஸ் 1999இல் நிரூபித்தார். முப்பரிமாண வெளிக்கு இயற்பியலாளர் கெல்வின் 1887இல் ஒரு வடிவத்தைச் சொன்னார். ஒரு நூற்றாண்டு அதுவே சிறந்தது என்று நம்பப்பட்டது. 1993இல் டெனிஸ் வேய்ரும் ராபர்ட் ஃபீலனும் இருவகை அறைகளைக் கலந்து அதைவிட ஏறத்தாழ 0.3 விழுக்காடு சிக்கனமான அமைப்பைக் கண்டுபிடித்தார்கள். 2008 பெய்ஜிங் ஒலிம்பிக் நீச்சல் அரங்கின் சுவர்கள் அந்த அமைப்பின் அடிப்படையில் கட்டப்பட்டவை. அதைவிடச் சிறந்தது கிடையாது என்று நிரூபித்தவர் இல்லை.

இவற்றை நெருங்க வேண்டுமானால் பன்மாறி நுண்கணிதம், நேரியல் இயற்கணிதம், மெய்ப்பகுப்பாய்வு மூன்றையும் ஊன்றிப் படியுங்கள். மூன்றாமாண்டில் வளைவரைகளும் பரப்புகளும் பற்றிய வகையீட்டு வடிவியல் கிடைத்தால் தவறவிடாதீர்கள். அதற்கு முன்பே செய்யக்கூடியது ஒன்று உண்டு. கம்பியை வளைத்து ஒரு கனசதுரச் சட்டம் செய்யுங்கள். சோப்பு நீரில் முழுதாக முக்கி மெதுவாக வெளியே எடுங்கள். ஆறு பக்கங்களிலும் ஆறு படலங்கள் இருக்கும் என்று மனம் எதிர்பார்க்கும். பக்கங்கள் காலியாக இருக்கும், பதின்மூன்று படலங்கள் உள்ளே சாய்ந்து, நடுவில் ஒரு சிறு சதுரத்தில் வந்து சேர்ந்திருக்கும். அந்தச் சதுரத்தின் பக்கங்கள் நேர்கோடாக இல்லை, சற்றே வெளிப்புறம் வளைந்திருக்கின்றன என்பதையும் உற்றுப் பார்த்தால் காண்பீர்கள். பிளாத்தோவின் 109.5 பாகையையும் ஒரு சதுரத்தின் 90 பாகையையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், ஏன் வளைகின்றன என்பது பிடிபடத் தொடங்கும். பிறகு அந்தச் சட்டத்தோடு உங்கள் பேராசிரியரின் அறைக்குப் போய், அவருக்கே இன்னும் விடை தெரியாத கேள்வி ஒன்றை உங்களுக்குப் புரியும் அளவில் சொல்லச் சொல்லிக் கேளுங்கள்.